கெயின் குமிழும் தாய்மாமன் சீரும்

கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு குமிழ் இருந்தால் அதைக் கடைசி வரை திருகினால்தான் எனக்கு நிம்மதி. ஃபேன் ரெகுலேட்டரை ஐந்துக்குக் கீழே நான் வைத்ததே இல்லை. கேஸ் அடுப்பை சிம்மில் வைக்கச் சொன்னால் மனசு கேட்காது. (எங்கள் வீட்டில் பால் பொங்கி வழிந்தால் யார் என்று யாரும் விசாரிப்பதில்லை. நேராக என்னைத்தான் பார்ப்பார்கள்.) பாலோடு போயிருந்தால் பரவாயில்லை. ஒருமுறை என் அக்காவின் மானத்தையே பொங்க வைத்து வழியவிடப் பார்த்தேன்.

அக்காவை வாடிப்பட்டியில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவள் மகள் யாழினிக்குக் காதுகுத்து. நான் ஒரே தாய்மாமன். எங்கள் பக்கம் தாய்மாமன் சீர் என்றால் தட்டைத் தூக்கிக்கொண்டு சத்தமில்லாமல் மண்டபத்துக்குள் நுழைந்துவிட முடியாது. தெருவே எட்டிப் பார்க்க வேண்டும். போதாக்குறைக்கு, அக்காவின் ஓரகத்தியுடைய பிறந்த வீட்டார் அவள் பிள்ளை காதுகுத்துக்குச் செண்டை மேளத்தோடு வந்து இறங்கியிருந்தார்கள். அன்று முதல் அக்காவின் மாமியாருக்கு வேறு பேச்சே கிடையாது.

அக்கா போனில் அழாத குறை. "டேய், நம்ம சீரு சப்புனு வந்துச்சுன்னா இந்த வீட்ல நான் தலை நிமிர முடியாதுடா. எங்க அத்தை காலத்துக்கும் சொல்லிக் காட்டும். மேளத்துக்குச் சொல்லிட்டியா?"

சொல்லித்தான் இருந்தேன். ஆனால் அந்த வாரம்தான் என் காருக்குப் புது ஆம்ப்ளிஃபையர் மாட்டியிருந்தேன். வாய் சும்மா இருக்குமா?

"மேளம் எதுக்குக்கா? என் கார் ஒண்ணு போதும். வாடிப்பட்டியே அதிரும் பாரு."

அத்தோடு விட்டேனா? மேளக்காரருக்குப் போன் போட்டு, "வேணாம்ணே, நம்மகிட்டயே ஏற்பாடு இருக்கு" என்று வேறு சொல்லிவிட்டேன்.

அந்த ஏற்பாட்டின் லட்சணத்தைச் சொல்ல வேண்டும். கோரிப்பாளையத்தில் ஒரு கார் ஆடியோ கடை. ஸ்பீக்கர் பெட்டியின் மேல் பூசணிக்காய் பருமனில் 'நானூறு வாட்ஸ்' என்று போட்டிருந்தது. அதற்கடியில் கடுகு எழுத்தில் 'ஆர்.எம்.எஸ். ஐம்பது'. நான் பூசணிக்காயை மட்டும் படித்தேன். அந்த நானூறு ஒரு நொடித் துள்ளலுக்கான கணக்கு, நின்று நிதானமாக ஸ்பீக்கர் தாங்குவது அந்த ஐம்பதுதான் என்று கடைக்கார பாய் கத்தாத குறையாகச் சொன்னார்.

"அண்ணே, நீங்க எடுக்குற ஆம்ப் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் நூத்தம்பது தள்ளும். இதவிடச் சின்னதா எடுங்கண்ணே."

"இருக்கட்டும் பாய். கெத்தா இருக்குல்ல?"

அவர் என் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு வேலையைப் பார்த்தார். மாட்டி முடித்ததும் ஆம்பில் கெயின் என்கிற குமிழைக் கால்வாசி திருகி நிறுத்தி, அதன் மேல் நீல டேப்பை ஒட்டினார். "இதுல மட்டும் கை வச்சுராதீங்க" என்றார்.

கால்வாசி! எனக்கு வந்ததே ஆத்திரம். முழு டீக்குக் காசு கொடுத்தவனுக்குக் கால் டம்ளர் ஊற்றினால் எப்படி இருக்கும்? திருப்பரங்குன்றத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து சேரும் வரை வழியெல்லாம் பாயைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

என் மனைவி மலர், மிக்சி வாங்கினாலும் அதோடு வரும் புத்தகத்தை முதல் வரியிலிருந்து படிக்கும் ரகம். பரம சாது. அவள் பேசுவது அடுத்த அறைக்குக் கேட்காது. ஆம்ப் புத்தகத்தையும் படித்துவிட்டு வந்தாள்.

"ஏங்க, இது வால்யூம் இல்லையாம். பிளேயர்லேருந்து வர்ற சிக்னலுக்குத் தகுந்த மாதிரி ஆம்பைப் பொருத்துறதுக்குத்தானாம். அடிச்சத்தத்தைக் கூட்டுற பாஸ் பூஸ்ட்டை அமத்திட்டு, பிளேயரை முக்காவாசி வச்சு, பாட்டு பிசிறு தட்டுற வரைக்கும் மெதுவா திருகி, அப்புறம் கொஞ்சம் பின்னாடி கொண்டுவந்து விட்ரணுமாம். ஸ்பீக்கர் சின்னதுன்னா அதுக்கும் முன்னாடியே நிறுத்திரணுமாம். மீறிப் போனா ஸ்பீக்கருக்குள்ள இருக்குற கம்பிச்சுருள் கருகிருமாம்."

"புஸ்தகம் எழுதுனவன் வாடிப்பட்டிக்கு வந்திருக்கானா?" என்று கேட்டேன். (இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.)

விசேஷ நாள். மண்டபம் இருக்கும் தெருவின் முனையில் எங்கள் ஆட்கள் கூடினார்கள். பெண்கள் கையில் தட்டுகள், அவர்களுக்குப் பின்னால் மாலை போட்ட கிடா, எல்லாருக்கும் முன்னால் என் கார். நான்கு கதவுகளையும் திறந்து வைத்தேன். பாட்டைப் போட்டேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தூரத்தில், மண்டப வாசலில் அக்காவின் மாமியார் காதருகே கையைக் குவித்து நிற்பது தெரிந்தது. கிழவிக்குக் கேட்கவில்லையாம்!

சீட்டுக்கடியில் கையை விட்டு, ஆம்பின் மேல் இருந்த நீல டேப்பைப் பிய்த்தேன். கெயினைக் கடைசி வரை திருகினேன். பாஸ் பூஸ்ட்டையும் கடைசி வரை. பிளேயர் வால்யூமை மட்டும் விட்டுவைப்பானேன், அதையும்தான்.

ஆத்தீ! தெருவே அதிர்ந்தது. மாடியில் காயப்போட்ட துணியெல்லாம் ஆடின மாதிரி எனக்குத் தோன்றியது. அரைப் பாட்டு வரை நான்தான் ராஜா. அப்புறம் பாடகரின் தொண்டையில் மணலைக் கொட்டினாற்போல் கரகரவென்றது. ரப்பர் கருகும் வாடை. முன் கதவிலிருந்து நூலாக ஒரு புகை கிளம்பியது.

"தீ! தீ!" என்று யாரோ அலறினார்கள்.

வரவேற்புக்கு நின்றிருந்த மச்சான், அதாவது அக்காவின் கணவர், கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். கிடைத்தது ஒரு வாளி ரோஸ்மில்க். கதவைக் குறிவைத்துத்தான் வீசினேன் என்று இன்றும் சாதிக்கிறார். முக்கால் வாளி என் பட்டுச்சட்டையில்தான் விழுந்தது.

தீ எதுவும் இல்லை. பாட்டும் இல்லை. நாலு ஸ்பீக்கரும் போய்ச் சேர்ந்துவிட்டன. தெருவில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. அதில் எங்கள் கிடா மட்டும் "மே" என்றது.

வாசலில் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். கண் நிறைந்திருந்தது. அவள் மாமியார் பக்கத்தில் இருந்தவளிடம் என்னவோ சொல்ல வாயெடுத்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரம் அந்தப் புகையோடு புகையாக நானும் போய்விடக் கூடாதா என்று இருந்தது.

அப்போதுதான் எனக்குப் பின்னால் அந்தச் சத்தம் எழுந்தது. குலவை. திரும்பிப் பார்த்தால், என் மலர்! தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, நாக்கைச் சுழற்றி விடுகிறாள் ஒரு குலவை. மிக்சி புத்தகம் படிக்கிறவளுக்குள் இம்புட்டுச் சத்தமா! அடுத்த மூச்சில் பெரியம்மா சேர்ந்தார், சித்தி சேர்ந்தார், எங்கள் பெண்கள் அத்தனை பேரும் சேர்ந்துகொண்டார்கள். கொஞ்சமும் பிசிறு இல்லை. மண்டப வாசல் வரை குலவை ஓயவே இல்லை. தெருவில் அத்தனை வீட்டுக் கதவும் திறந்தது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தானும் ஒரு குலவை போட்டபடி எதிர்கொண்டு வந்தாள்.

மாமியார் நேராக மலரிடம் வந்தார். "அடி ஆத்தி, அம்புட்டுச் செண்டையும் சேந்தாலும் இப்படி வராதும்மா" என்று அவள் கன்னத்தை வழித்துத் திருஷ்டி முறித்தார். பிறகு என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "ஏப்பா, நீ போயி மொகத்தக் கழுவு."

கழுவ எங்கே நேரம்? நல்ல நேரம் முடியப் போகிறது என்று அப்படியே மனையில் உட்கார வைத்து, யாழினியை என் மடியில் வைத்தார்கள். ஆசாரி காது குத்தியபோது பிள்ளை அழவே இல்லை. என் சட்டைக் காலரைச் சப்புவதில் மும்முரமாக இருந்தாள். தாய்மாமன் மடி ராசி என்று எல்லாரும் மெச்சினார்கள். நானும் மறுக்கவில்லை.

காரில் எறும்பு போக வெகுநாள் ஆயிற்று. பாயிடம் திரும்பப் போனேன். ஆம்பில் மிச்சம் ஒட்டியிருந்த டேப்பை அவர் நகத்தால் சுரண்டி எடுத்தார். இந்தத் தடவை அந்தப் பெரிய ஆம்பைத் தன் கடையிலேயே வைத்துக்கொண்டு, புது ஸ்பீக்கர்களோடு சின்ன ஆம்ப் ஒன்றைக் கொடுத்தார்.

இப்போது யாழினி பள்ளிக்கூடம் போகிறாள். எங்கள் வீட்டுக்கு வந்திருக்கும்போது நான் எதற்காவது குரலை உயர்த்திவிட்டால் போதும். "மாமா, கெயினைக் குறைங்க, புகை வருது" என்பாள். மலர் அடுக்களையிலிருந்து சிரிப்பாள்.

போன வாரம் அக்காவின் மாமியார் போன் செய்தார். அவர்கள் வீட்டில் இன்னொரு விசேஷமாம்.

"மலரைக் கண்டிப்பா கூட்டிட்டு வந்துருப்பா. அவ இல்லாம விசேஷமே எடுபடாது."

"வாரோம் அத்தை. நானும் வாரேன்."

"நீயும் வா. வேணாம்னா சொல்றேன்?" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பஸ்லயே வந்துருங்கப்பா" என்றார்.