நர்சம்மாவின் எருமை

கிருஷ்ணகிரியில் இல்லாத எருமையை வளர்த்த ஒரே மனுஷி எங்கள் நர்சம்மாதான். கொட்டகை கிடையாது, கயிறு கிடையாது. ஆனாலும் தெருவில் எருமையைத் திட்டிக்கொண்டே போவார். மறை கழன்ற கேஸ் என்று ஊரார் முடிவுகட்டிவிட்டார்கள். அந்த எருமை நான்தான் என்பது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் நான் பெண்கள் பள்ளியில் டீச்சர். முதலில் ஒரு கண் மங்கியது, பிறகு கால் மரத்தது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், நரம்பு வியாதி என்றார் பெங்களூர் டாக்டர். அதைக்கூடச் சமாளித்தேன். சிறுநீர் அடங்காததைத்தான் தாங்க முடியவில்லை. அவசரம் வந்ததும் ஓடுவேன். பாதி வழியிலேயே புடவை நனைந்துவிடும். தண்ணீர் குடிப்பதை நிறுத்திப் பார்த்தேன், எரிச்சல்தான் மிச்சம். ஒருநாள் வகுப்பிலேயே நனைந்தது. இன்னொரு முறை நடந்தால் வேலைக்கு வர வேண்டாம் என்றார் தலைமையாசிரியை. என் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது.

நர்சம்மா பிரசவ வார்டில் வேலை பார்த்தவர். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் திட்டுவார். பிள்ளை பெற்றவர்களுக்குச் சொல்லும் பயிற்சியை எனக்கும் சொன்னார்.

"ஒண்ணுக்கு அடக்கற எடத்த உள்ளுக்குள்ள மேல இழுத்து இறுக்கிப் புடிங்க டீச்சரம்மா. அப்புறம் நல்லா தளத்துங்க. வயிறும் தொடையும் சும்மா கெடக்கணும்."

நான் மூச்சையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு முகம் சிவந்து நின்றேன். தலையில் ஒரு குட்டு விழுந்தது. அவசரம் வந்தால் ஓடக்கூடாது, நின்று இறுக்கி, அது தணிந்தபின் நடக்க வேண்டும் என்றார். இதைத் தெருவில் எப்படி நினைவூட்டுவது? அதற்குத்தான் எருமை. அதைத் திட்டுவதுபோல் எனக்குச் சொல்லிவிடுவார்.

வாரக்கணக்கில் பழகியதும் கொஞ்சம் கட்டுக்குள் வந்தது. அப்போது பார்த்துப் பள்ளி இன்ஸ்பெக்டர் வந்தார். என் வகுப்பில் அவர் உட்கார, வாசலில் தலைமையாசிரியை. பாதிப் பாடத்தில் அவசரம் முட்டியது. கால் தானாகக் கதவுப் பக்கம் திரும்பியது.

ஜன்னலுக்கு நேரே, வேலிக்கு வெளியே நர்சம்மாவின் குரல் கேட்டது.

"ஓடாதடி. நில்லு. மூச்ச உடு."

நின்றேன். இறுக்கினேன். மூச்சை விட்டேன். எருமைக்கு மூச்சு விடவுமா சொல்லித்தர வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் கேட்க, பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்திருந்தால் நனைந்திருக்கும், வேலையும் போயிருக்கும். வரைபடத்தில் தென்பெண்ணையைத் தேடுவதுபோல் முதுகைக் காட்டி நின்றேன். மெல்லத் தணிந்தது. மணி அடித்ததும் கழிப்பறைக்கு நடந்தே போனேன்.

திரும்பி வந்தபோது நர்சம்மா வேலியோரம் வியர்த்து நின்றிருந்தார். டூட்டிக்கு மட்டம் போட்டுவிட்டுக் காலையிலிருந்து அங்கேயே நின்றாராம். என் புடவையை மேலும் கீழும் பார்த்தார்.

"தண்ணி குடிச்சீங்களா?" என்றார்.

நர்சம்மா இப்போது இல்லை. வியாதி இருக்கிறது, சில நாள் இன்றும் நனைகிறேன். அவசரம் வரும்போதெல்லாம் நின்று, அந்தத் திட்டு கேட்காதா என்று காத்திருக்கிறேன்.