முன்பல்லும் ஒரு டின் முறுக்கும்

உயிரே போனாலும் வாயைத் திறப்பதில்லை என்று பாலகுமார் சபதம் எடுத்திருந்தான். திறந்தது அவன் மகள். திங்கட்கிழமை காலை நாலு வயசு இளமதி ஒரு கொட்டாவி விட்டாள். முன்பல் ஒன்று சாம்பல் பூத்துக் கிடந்தது.

"ஐயையோ! மாமா, இங்க வந்து பாருங்க! பாப்பா பல்லு கறுத்துப்போச்சே!"

மனைவி வினோதினி போட்ட சத்தத்தில் அண்ணாமலை நகர் குவார்ட்டர்ஸே எட்டிப் பார்த்தது. பாலகுமாருக்குக் காரணம் தெரியும்.

பத்து நாளைக்கு முன்னால் அவள் வீட்டில் இல்லாத நேரம். "புள்ளைய ஸ்கூட்டர் முன்னாடி நிக்க வெக்காதீங்க" என்று நூறு தடவை சொல்லியிருந்தாள். நிற்க வைத்தான். நாய் குறுக்கே ஓடியது. பிரேக் பிடித்தான். பல் போய் மீட்டரில் 'டக்'! கொஞ்சம் ரத்தம், ஏகப்பட்ட அழுகை, ஒரு ஐஸ்கிரீம். "அம்மாகிட்ட சொல்லக்கூடாது, சரியா?" தங்கம் தலையாட்டியது. பல்லே ஒருநாள் கோள் சொல்லும் என்று இவன் கண்டானா?

"முறுக்கு!" என்றான். வாயில் வந்தது அதுதான்.

"எது, காட்டுமன்னார்கோயில்லேர்ந்து எங்கம்மா குடுத்தனுப்பிச்ச முறுக்கா?"

"அதேதான். கல்லு மாதிரி கீது. கடிச்சா, கத்துனா."

"அடப்பாவமே. அப்ப பாப்பாவுக்கு வேணாம். எனக்கும் பயமா இருக்கு. நீங்களே தின்னு தீத்துடுங்க மாமா. கீழ போட்டா எங்கம்மா மனசு கஷ்டப்படும்."

முழு டின். காலையில் நாலு, சாயங்காலம் நாலு. தாடை விண்விண் என்றது. மனசு அதைவிட. குழந்தை சிரிக்கும்போதெல்லாம் அவன் அந்தப் பல்லையே பார்த்தான். சீழ் பிடிக்குமோ? அடியில் இருக்கிற புதுப்பல்லும் கெட்டுப்போகுமோ? பாவி, என்னாலதானே!

வினோதினி போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்: "கடலூர்ல குழந்தைங்க பல்லுக்குன்னே ஒரு டாக்டராம், சத்யப்பிரியான்னு. ஞாயித்துக்கிழமையும் பாக்குறாங்களாம்."

பாலகுமார்னா கொக்கா! ஞாயிறு காலை, "பாப்பாவுக்கு கடலூர் சில்வர் பீச் காட்டிட்டு வரேன்" என்று பஸ் ஏறிவிட்டான். அவளும் மறுபேச்சில்லாமல் கையாட்டினாள்.

டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். "எப்படி அடிபட்டுச்சு?"

"முறுக்கு கடிச்சா மேடம்."

"அப்படியா? போன வாரம் சனிக்கிழமை இவங்க அம்மா வந்து வேற மாதிரி சொன்னாங்களே. ஸ்கூட்டர், நாய், ஐஸ்கிரீம்னு..."

பாலகுமார் விரல்விட்டு எண்ணினான். சனிக்கிழமையேவா! அப்போ திங்கட்கிழமை போட்ட அந்த 'ஐயையோ'?

"நான் அன்னிக்கே சொல்லிட்டேனேப்பா," என்றாள் இளமதி. "சொல்லக்கூடாதுன்னு நீ சொன்னதையும் சொல்லிட்டேன்."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "பயப்படாதீங்க. அடிபட்டதுல நிறம் மாறியிருக்கு. வீக்கமோ வலியோ வந்தா உடனே வாங்க. இல்லன்னா ஆறேழு வயசுல தானா விழுந்து புதுசு முளைக்கும்."

அவனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் நேரே அவள் முன்னால் போய் நின்றான். "தப்புதான் வினோ."

அவள் திட்டவில்லை. கையை மட்டும் நீட்டினாள். ஸ்கூட்டர் சாவியைக் கொடுத்தான்.

மறுநாள் காலை வண்டியை ஓட்டியது வினோதினி. நடுவில் குட்டி ஹெல்மெட்டோடு இளமதி. கடைசியில், தொங்கலில் பாலகுமார். அவள் திரும்பிப் பார்த்தாள்.

"கெட்டியா புடிச்சுக்குங்க மாமா. பாப்பாவுக்காவது திரும்ப முளைக்கும்."