மீன்தூள் அண்ணனும் என் கல்யாணக் கோழியும்

மூக்குள்ள மனிதன் எவனாலும் மீன்தூள் அண்ணனோடு ஒரே அறையில் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. நான் வருஷக்கணக்கில் தாக்குப்பிடித்தேன்.

ஐம்பதுகளின் கடைசியில் சிராங்கூன் சாலைக் கடைவீட்டு மாடியில் நாங்கள் நான்கு பேர் வாடகைக்கு இருந்தோம். அண்ணனுக்குத் தீவனக் கடையில் வேலை. கப்பலில் வரும் மீன்தூளைத் தவிட்டோடும் பிண்ணாக்கோடும் கலந்து கோழி வளர்ப்பவர்களுக்கு விற்கிற கடை.

"சுத்திலும் கடல வச்சுக்கிட்டு மீனை எதுக்குக் கப்பல்ல வரவழைக்கணும் லா?" என்று ஒருநாள் கேட்டார். அன்றோடு எங்கள் நிம்மதி போயிற்று.

தேக்கா சந்தையில் யாரும் வாங்காத பொடிமீனை அள்ளி வருவார். மண்ணெண்ணெய்த் தகரத்தில் அவிப்பார். சாக்கில் கட்டி, மேலே கல்லை ஏற்றி எண்ணெயைப் பிழிவார். பிறகு கூரையில் காயவைத்து இடிப்பார். வட்டாரத்துப் பூனைகளெல்லாம் எங்கள் மாடிப்படியில்தான் குடித்தனம் நடத்தின. ஆபீசில் என் பக்கத்து மேசைக்காரர் ஜன்னலோரம் இடம் மாறிக்கொண்டார். பஸ்ஸில் கண்டக்டர் அண்ணனை இறக்கிவிட்டதோடு, கூட வந்த குற்றத்துக்காக என்னையும் இறக்கிவிட்டார்.

இந்த லட்சணத்தில் எனக்குப் பேசியிருந்த பெண்ணின் தகப்பனார் என்னைப் பார்க்க வந்தார். "அண்ணே, இன்னிக்கு மட்டும் தூளை உள்ள கொண்டாந்துராதீங்க" என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சியிருந்தேன். மழை வந்துவிட்டது. அவ்வளவையும் என் கட்டிலுக்கடியில் பரப்பிவிட்டார் மனுஷன்.

வந்தவர் கைக்குட்டையை மூக்கில் வைத்தார். "தம்பி, எலி ஏதும் செத்துக் கெடக்குதா?"

"எலி இல்லீங்க, சத்து!" அண்ணன் ஒரு கை அள்ளி அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். "இதத் தின்னா சேவல்கூட முட்டை போடும்!"

கைக்குட்டை இறங்கியது. அவர் பொத்தோங் பாசிரில் கோழி வளர்க்கிறார் என்பது எனக்கே அப்போதுதான் தெரியும். இருவரும் தீவனம் பேசினார்கள், பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். எனக்கு என்ன வேலை என்றுகூட யாரும் கேட்கவில்லை. போகும்போது அண்ணனிடம், "கல்யாணக் கோழிக்கு நீங்கதான் தீனி போடணும்" என்றார். அதுதான் சம்மதமாம்.

போட்டார். அறுக்கிற நாள்வரை போட்டார். கல்யாணத்துக்கு மறுநாள் கறிவிருந்தில், கோழிக் குழம்பை வாயில் வைத்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "இது என்ன மீன்?"

மாமனார் முகம் சிவந்தது. "யோவ், அறுக்கிறதுக்கு முன்னாடி தூளை நிறுத்த வேணாமா?"

"ஆசையா தின்னுச்சுங்க. நிறுத்த மனசு வரல" என்றார் அண்ணன். எல்லோரும் இலையோரம் ஒதுக்கிய குழம்பை அவர் மட்டும் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்கு அவர் சட்டையைப் பிடித்து உலுக்கலாம் போலிருந்தது.

மறுவருஷம் என் மனைவி பிள்ளையுண்டாகியிருந்தபோது, அண்ணன் வாராவாரம் சைக்கிளில் முட்டை கொண்டுவருவார். "தங்கச்சிக்குன்னு நாலு கோழிய, தூளைக் கண்ணுலயே காட்டாம தனியா வளக்குறேன் லா" என்பார்.

அவள் ஒவ்வொரு முட்டையையும் முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவாள். நான் முகர்ந்து பார்த்ததே இல்லை.