ஊசிக்குப் பயந்த ரத்தம்

அந்தக் காகிதத்தில் இருந்த பெயர் தையல்காரருடையது. ரத்தம் மட்டும் அவருடையது இல்லை.

டாக்டர் அதை இரண்டாம் முறை படித்தார். தையல்காரர் பக்கத்திலிருந்த மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார்.

இருபது வருஷமாக ஊசியோடு குடித்தனம் நடத்துகிறவர்தான். ஆனால் ஊசி துணிக்குள் போகலாம், தோலுக்குள் போகக்கூடாது என்பது அவர் கொள்கை. அவருக்குக் காய்ச்சல் கண்டதும், "ரத்தம் பாத்தே ஆகணும்" என்று மனைவி ஒற்றைக்காலில் நின்றாள். அவர் அவளுக்குத் தெரியாமல் அவள் தம்பியைக் கூப்பிட்டு, புதுச் சட்டை தைத்துத் தருவதாக ஆசை காட்டி, தன் பெயரில் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பிவிட்டார். மறுநாளே காய்ச்சலும் போய்விட்டது.

"டெங்கு" என்றார் டாக்டர். "அதுவும் ரெண்டாவது தடவை. பழைய எதிர்ப்புப்பொருள் எக்கச்சக்கமா ஏறியிருக்கு."

"எதிர்ப்பு ஏறினா நல்லதுதானே டாக்டர்?"

"இதுல அப்படி இல்ல. இப்ப வந்திருக்கிறது வேற வகையா இருந்தா, பழைய காவல்காரனே திருடனைக் கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டு வந்துடுவான். காய்ச்சல் விட்ட பிறகுதான் பயமே. வயித்து வலி, வாந்தி, தலைசுத்தல் இருந்தா தாமதிக்கக்கூடாது. முன்னாடி எப்ப வந்துச்சு?"

"இவருக்கா?" மனைவி சுவரில் சாய்ந்துகொண்டாள். "எனக்குத்தான் ஆறு வருஷத்துக்கு முன்னாடி வந்துச்சு. இவரைக் கொசுகூடச் சீண்டாது."

"தெரியாமலே வந்து போயிருக்கலாம். உடனே படுக்க வைங்க."

தையல்காரர் கட்டிலில் ஏறிப் படுத்தார். அப்படியானால் மைத்துனன் அல்லவா சாகப்போகிறான்! உண்மையைச் சொன்னால் மனைவி தோலை உரிப்பாள். கட்டிலில் படுத்தபடியே போர்வைக்குள் போனை இழுத்துக்கொண்டார்.

"மாப்ளே, வயிறு வலிக்குதா?"

"பசிக்குது மாமா."

"ஐயையோ! தலை?"

"நீங்க பேசப் பேசச் சுத்துது."

"அசையாதே! இல்ல, அசை! ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு ஓடி வா!"

போர்வையை நர்ஸ் விலக்கினாள். அவள் கையில் ஊசி. அதன் நுனி ஜன்னல் வெளிச்சத்தில் மின்னியது.

"கையை நீட்டுங்க. ட்ரிப் ஏத்தணும்."

"சிஸ்டர், அது என் ரத்தம் இல்ல!" என்று அலறினார் தையல்காரர். "என் மச்சான் ரத்தம்!"

மனைவி அவரையே பார்த்தாள். "என் தம்பியையா? அடப்பாவி மனுஷா! மூணு நாளா எனக்கே உடம்பு சரியில்ல, மாத்திரையை முழுங்கிட்டு உங்களுக்காக நாயா அலையறேன்…" மேலே பேச முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைப் பக்கம் ஓடினாள். துக்கத்தில் குமட்டுகிறது போல என்று நினைத்தார் அவர்.

அவள் திரும்பி வரும்போது தம்பியும் வந்துவிட்டான். வாயில் பாதி பிஸ்கட். அவன் வாயைத் திறப்பதற்குள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கட்டிலில் தள்ளினார்கள்.

"என் ராசா, உனக்கு ஒண்ணும் ஆகாதுடா" என்று மனைவி தம்பியின் கையைப் பற்றினாள்.

"அக்கா, உன் கை ஏன் இப்படி ஐஸா இருக்கு?"

"நீ பேசாம இரு. சிஸ்டர், சீக்கிரம் குத்துங்க!"

நர்ஸ் பஞ்சால் அவன் கையைத் துடைத்தாள். ஊசி நெருங்கியது. தையல்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அவன் ஊரே கூடும்படி கத்தினான்:

"மாமா, எனக்கும் ஊசின்னா பயம்! பேரை மட்டும்தான் எழுதிக் கொடுத்தேன். 'சர்க்கரை டெஸ்ட், சும்மா பாக்கறாங்க'ன்னு சொல்லி, அக்காவைத்தான் உட்கார வச்சேன்!"