சாரிகயா மதரஸாவுக்கு மாணவர்கள் வந்த கதை

நாகரிகத்தைக் காப்பாற்றும் பொறுப்பு முன்பு பேரரசர்களிடம் இருந்தது. இப்போது அது புராதனக் கட்டடப் புதுப்பிப்பு அலுவலகத்திடம் இருக்கிறது. துருக்கியில், எங்கள் அனத்தோலியச் சிற்றூரில் அந்தச் சுமையைத் தனியாகச் சுமந்தவர் இயக்குநர் முஸாஃபர். ஊரின் பழைய மதரஸாவை ஒழுங்காகப் புதுப்பித்து முடித்தால் தலைநகர் அங்காராவில் பெரிய நாற்காலி என்று சொல்லியிருந்தார்கள்.

சாரிகயா மதரஸாவைக் கட்டியவர் செல்ஜுக் சுல்தான்கள் காலத்துச் சிற்றரசரான அமீர் ஒருவர். மங்கோலியர் அதில் குதிரை கட்டினார்கள். பிறகு வந்தவர்கள் கோதுமை கொட்டினார்கள், அப்புறம் கைதிகளை அடைத்தார்கள். இத்தனை கேவலம் போதாதென்று, கடைசியில் அங்கே பாடமே நடக்க ஆரம்பித்துவிட்டது! ஓய்வுபெற்ற முவல்லா டீச்சர், கம்பள ஆலைப் பெண்களைப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்கு அங்கே இலவசமாகத் தயார்செய்துகொண்டிருந்தார். குளிருக்கு அடுப்பு மூட்டி, ஊரில் அவர்களுக்குக் கிடைத்த ஒரே சூடான அறை அதுதான். முஸாஃபர் இந்த ஆக்கிரமிப்பைக் கண்டு மனம் நொந்தார்.

"டீச்சர், அறையைக் காலி பண்ணுங்க. மாணவர்கள் வராங்க."

"அப்போ நாங்க யாரு, ஆட்டு மந்தையா?"

"நீங்க சும்மா மாணவங்க. வரப்போறது 'வரலாற்று' மாணவங்க. மெழுகுல செஞ்ச பொம்மைங்க, தலைப்பாகையோட, அருங்காட்சியகத்துக்குன்னே இஸ்தான்புல்லேருந்து வருது."

"மெழுகு பரீட்சை எழுதுமா, இயக்குநரய்யா?"

"எழுதாது. ஃபெயிலும் ஆகாது."

குல்சின் என்ற பெண் கெஞ்சினாள். "அண்ணே, பரீட்சை முடியற வரைக்கும் அதுங்க பக்கத்துலயே ஒரு ஓரமா உக்காந்துக்கறோமே. வீட்ல புத்தகத்தைத் தொட்டாலே பாத்திரம் கழுவச் சொல்றாங்க."

"அடுப்பு எரிஞ்சா அவங்க உருகிடுவாங்கம்மா," என்றார் முஸாஃபர். இளகிய மனம் அவருக்கு.

அடுப்பு போனது, பெண்கள் போனார்கள், மெழுகு மாணவர்கள் வந்து புத்தகம் விரித்து உட்கார்ந்தார்கள். கண் இமைக்காத அந்தப் படிப்பைப் பார்த்த முஸாஃபர், ஒரு தலைப்பாகையைப் பாசத்தோடு சரிசெய்துவிட்டார். வாசல் கல்வெட்டில் அப்பியிருந்த கரியைச் சுரண்டி, அமீரின் அரபு வரிகளுக்குத் தங்கப்பூச்சும் கொடுத்தார். எங்களூரில் அரபு எழுத்தை எல்லோரும் முத்தமிடுவோம், படிக்கத்தான் தெரியாது.

திறப்பு விழாவுக்கு ஆளுநர் வந்தார், ஓதுவதற்கு ஊர் இமாமும் வந்தார். முவல்லாவும் பெண்களும் தடுப்புக் கயிற்றுக்கு வெளியே குளிரில் நின்றார்கள்.

"வாசல்ல இருக்கறத ஓதுங்க, ஹோஜா," என்று இமாமிடம் சொன்னார் முஸாஃபர்.

இமாம் அண்ணாந்து பார்த்தார். முகம் மாறியது. "முழுசாவா?"

"ஒரு எழுத்து விடக்கூடாது. மரபுன்னா சும்மாவா?"

இமாம் ராகத்தோடு ஓதினார். கூட்டம் கையேந்தி, அப்படியே ஆகட்டும் என்றது: "ஆமீன்!" ஆளுநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அங்காரா வரை கேட்கும்படி ஆமீன் சொன்னவர் முஸாஃபர். சொல்லிவிட்டு இரு கைகளாலும் முகத்தைப் பக்தியோடு தடவிக்கொண்டார்.

"உருக்கமான பிரார்த்தனை. என்ன அர்த்தம், ஹோஜா?" என்று கேட்டார் ஆளுநர்.

இமாம் தரையைப் பார்த்துச் சொன்னார்: "'இந்த வீட்டிலிருந்து மாணவர்களை வெளியேற்றுகிறவன்மேல் இறைவனின் சாபமும், வானவர்களின் சாபமும், மனிதர் அனைவரின் சாபமும் இறங்கட்டும்.'"

ஆளுநர் மெல்ல ஓரடி தள்ளி நின்றார். கயிற்றுக்கு வெளியே யாரும் சிரிக்கவில்லை. குல்சின் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள்.

"நாங்க சாபம் விடல, இயக்குநரய்யா," என்றார் முவல்லா. "ஆமீன்கூட நீங்களேதான் சொல்லிக்கிட்டீங்க."