பாறைக்கு எத்தனை மார்க்?

மனித குலத்தில் முன்னுரிமைக்காரர் என்று ஓர் இனம் உண்டு. வேலை செய்யாதவர் என்று இவரைச் சொல்லிவிடாதீர்கள், பாவம். எந்த வேலையை முதலில் செய்வது என்று தீர்மானிப்பதற்காகவே விடிந்தது முதல் விளக்கு வைக்கும்வரை உழைக்கிறவர் இவர். ஐந்தாண்டுத் திட்ட காலமல்லவா? ஆபீசுக்கு ஒருவராவது இருக்கிறார்.

கடலாழம் அளக்கிற எங்கள் ஆபீசுக்கு வாய்த்த அதிகாரி திருவாளர் தங்கசாமி. பாம்பனுக்குத் தெற்கே கரையோரக் கடலின் ஆழமெல்லாம் வெள்ளைக்காரன் காலத்திலேயே படத்தில் ஏறிவிட்டது. அதற்கு அப்பால், பாகத்துக்கு ஆறடியாகப் பத்துப் பாகத்துக்கு மேல் கயிறு இறங்குகிற இடமெல்லாம் படத்தில் வெறும் வெள்ளை. அதை அளந்து நிரப்பப் பங்குனியில் ஒரு லாஞ்சு வந்தது. வைகாசியில் கச்சான் என்கிற மேல்காற்று எழுந்துவிட்டால் தென்கடலில் லாஞ்சு நிற்காது. கையிலிருந்தது இரண்டே மாதம். நயினார்கோவிலில் ஏர் பிடிக்கிற எங்கள் அய்யாவாக இருந்தால், ஈரம் காய்வதற்குள் எந்த வயலிலாவது இறங்கியிருப்பார். தங்கசாமி கூட்டம் போட்டார்.

"முதலில், எதை முதலில் அளப்பது என்று முடிவு செய்வோம்."

பாம்பன் மீன்காரர் சூசைமுத்து எழுந்தார். "அய்யா, பன்னெண்டு பாகத்துல ஒரு பாறை கெடக்கு. மாசியிலேருந்து ரெண்டு வலை கிழிஞ்சு போச்சு. மிச்சம் ஒண்ணுதான், அதும் போனா கஞ்சிக்கு வழியில்ல. பாறை எங்கன ஆரம்பிக்குது, எங்கன முடியுதுன்னு அளந்து சொல்லிட்டீகன்னா சுத்திப் போயிருவோம். நானும் கூட வாரேன். அரை நாள் வேலை."

"அரை நாள் வேலைக்கு முதலிடம் கொடுத்தால் ஆறு மாத வேலை என்னய்யா நினைக்கும்?" என்றார் தங்கசாமி.

நியாயமான கேள்விதானே? எனவே கடலுக்குப் பரீட்சை வைத்தார். கப்பல் வழிக்கு முப்பது மார்க், மீனுக்கு இருபத்தைந்து, ஆழத்துக்கு இருபது, பொது நன்மைக்கு மீதி. கட்டம் போட்டவன் நான். பி.எஸ்ஸி. படித்த கையாயிற்றே, கோடு நேராகவே வந்தது.

"பாறை பாஸா, பெயிலாங்கய்யா?" என்றார் சூசைமுத்து.

"நாற்பத்தெட்டு. மூன்றாம் இடம்."

"எங்க வீட்டுப் பய கூட இம்புட்டு வாங்கலையே! அப்ப மொத எடம் யாரு?"

"பரிசீலனையில் இருக்கிறது."

இரண்டு இடங்கள் சரிசமமாக மார்க் வாங்கியிருந்தன. அதைத் தீர்க்க ஓர் உபகமிட்டி. உபகமிட்டியில் யார் முதலில் பேசுவது என்பதற்கு ஒரு சுற்றறிக்கை. சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டதை நீலப் பென்சிலால் திருத்தி, நீலத்தைப் பச்சையால் உறுதிசெய்து, படத்தில் வெள்ளை இருந்த இடமெல்லாம் வர்ணமாகிவிட்டது. ஆழம் மட்டும் ஒரு பாகம்கூட ஏறவில்லை.

லாஞ்சின் சுக்கானி சீனி முகம்மது என்னைப் பிடித்துக்கொண்டார். "தொடச்ச தொடப்புல பித்தளையெல்லாம் தேஞ்சு போச்சு தம்பி. இன்ஷா அல்லா, கடல் வத்துறதுக்குள்ள கெளம்பிருவோமா?"

சித்திரைக் கடைசியில் பட்டியல் முடிந்தது. ஆறு பிரதி டைப் அடித்து, ஆறிலும் கையெழுத்தாயிற்று. ஏழாம் நாள் கச்சான் எழுந்தது. லாஞ்சு வந்த வழியே திரும்பிப் போயிற்று.

சூசைமுத்துவின் வலை என்ன ஆயிற்று என்கிறீர்களா? டைப் அடித்துக்கொண்டிருந்த நாளிலேயே அவர் மூன்று வள்ளங்களைச் சேர்த்துக்கொண்டு போய்விட்டார். வலையை இறக்கவில்லை. அடியில் சவுக்காரம் பூசிய கல்லைக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். மண் ஒட்டி வந்தால் மணல்; சவுக்காரம் சிராய்ந்து வந்தால் பாறை. உச்சி வெயிலுக்குள் பாறையின் நாலு ஓரமும் அகப்பட்டுவிட்டது. கரையில் எந்த அடையாளம் எதற்கு நேரே தெரிந்தது என்பதையும் ஆழத்தையும் அவர் சொல்லச் சொல்ல எழுதி, தங்கசாமியிடம் நீட்டினேன். வெட்கப்படுவார் என்று நினைத்தேன். நான் படித்த படிப்பு அவ்வளவுதான்.

அவர் முகம் மலர்ந்தது. பட்டியலை எடுத்து மூன்றாம் எண்ணை அடித்தார். நான்கு மூன்றாயிற்று, ஐந்து நான்காயிற்று. எல்லாம் ஒரு படி மேலேறின. ஆண்டறிக்கையில் 'கணிசமான முன்னேற்றம்' என்று எழுதினார்.

சூசைமுத்துவிடம் சொன்னேன். கிழியாத வலையை உதறிக் காயப்போட்டபடியே கேட்டார்: "அப்ப மிச்சத்தையும் நாங்களே அளந்துட்டா, அய்யாவுக்கு டெல்லியில உத்தியோகம் கெடைக்குமோ?"

சிரிக்கிறீர்கள். நல்லது. இன்று காலை ஒரு தாள் எடுத்து, செய்ய வேண்டியதையெல்லாம் ஒன்று இரண்டு என்று வரிசைப்படுத்தி, கையெழுத்து கோணிவிட்டது என்று கிழித்துப்போட்டு, வேறு தாளில் மறுபடி எழுதினீர்களே. எழுதி முடித்தபோது மணி என்ன?