எதிர்க்கட்சி நெய்த முகூர்த்தப் புடவை

அன்றைக்கு எனக்கு இருந்தது ஒரே வேலை. பிள்ளையார்பாளையம் போய், மகளின் முகூர்த்தப் புடவையை வாங்கி வர வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், புடவையை நெய்த ஏகாம்பரம் என் எதிர்க்கட்சி.

பம்பாயில் பல வருஷம் கம்பெனிகளுக்குச் சட்டம் சொல்லிவிட்டு, நாற்பத்தெட்டு வயதில் காஞ்சிபுரம் திரும்பி வக்கீல் போர்டு மாட்டினேன். காக்கைகள் வந்து படித்துவிட்டுப் போயின. கடைசியில் வந்த முதல் கட்சிக்காரர் கன்னியப்பன். எதிர்வீட்டு ஏகாம்பரம் காலையில் சந்து நெடுக நெசவுக்கான பாவு நூல்களை இழுத்துக் கட்டிவிடுகிறார், வாசல் இறங்க வழியில்லை, தடை உத்தரவு வேண்டும் என்று வழக்கு. மறுநாள் விசாரணை. இந்தக் கேஸ் கைவிட்டுப் போனால் மறுபடியும் காக்கைகள்தான்!

புடவைக்குச் சொன்னதும் முழுப் பணம் கொடுத்ததும் வழக்குக்கு முன்பே என் மனைவி செய்தது.

"கமலா, அவரோட வக்கீல் சம்மதம் இல்லாம எதிர்க்கட்சியோட நான் பேசக் கூடாது. தொழில் ஒழுக்கம்."

"உங்கள யாரு பேசச் சொன்னா? வாங்கிட்டு வாங்க. வீட்டுல மட்டும் ரொம்பப் பேசறீங்களாக்கும்!"

நான் ஒழுக்கசீலன் அல்லவா? முந்தின நாள் சாயங்காலமே நேரே ஏகாம்பரத்தின் வக்கீல் ரங்கசாமியிடம் போய் அனுமதி கேட்டேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "புடவை வாங்க பர்மிஷன் கேட்ட மொத வக்கீல் நீங்கதான் சார்! தாராளமாப் போங்க. கேஸப் பத்தி மட்டும் மூச்சு விடாதீங்க."

பம்பாயில்கூட யாரும் இவ்வளவு சுத்தமாக நடந்ததில்லை என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். என் கட்சிக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அது தோன்றவில்லை. அவர் எழுந்திருப்பதற்குள் முடித்துவிடலாம் என்று விடியும்போதே, திருடனைப் போல ஒழுக்கமாகப் போனேன்.

"வாங்க சார், வாங்க!" என்றார் ஏகாம்பரம். "நாளைக்குக் கோர்ட்டுல..."

உதட்டில் விரலை வைத்தேன். புடவையைக் காட்டினார். தலையாட்டினேன். காபி வந்தது. எதிர்க்கட்சி காபி! கும்பிட்டு மறுத்தேன்.

அவர் மனைவி அவர் காதருகே சொன்னது எனக்கும் கேட்டது. "ஏன்யா, இவரு ஊமையா? கோர்ட்டுல எப்படிப் பேசுவாரு?"

"பேசலன்னா நமக்கு நல்லதுதானே, சும்மா இரு."

புடவைப் பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். சந்து இல்லை. சந்து இருந்த இடத்தில் பாவு இருந்தது. அரக்குச் சிவப்பில், இடுப்பு உயரத்தில், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை. இரு பக்கமும் ஆட்கள் நின்று கஞ்சி தடவிக்கொண்டிருந்தார்கள். கால் வைக்க இடமில்லை.

"காயுற வரைக்கும் நகர முடியாது சார்" என்றார் ஏகாம்பரம்.

'வீட்டை விட்டு வெளியேற இயலாமல் சிறைப்பட்டு' என்று வழக்கு மனுவில் நான்தான் எழுதியிருந்தேன். கொஞ்சம் மிகைதான் என்று அப்போது நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு காற்று. என் பக்கத்தில், பாவின் முனைக் கழியை முளையோடு கட்டிய கயிறு அவிழ்ந்தது.

"சார்! சார்! அந்தக் கழியப் புடிங்க! மண்ணுல விழுந்தா அத்தனையும் வீணாப்பூடும்!"

பிடித்துவிட்டேன்.

"தொய்ய விடாதீங்க! நல்லா இழுத்துப் புடிங்க!"

இழுத்தும் பிடித்தேன். மாட்டேன் என்று எந்த விதியைக் காட்டிச் சொல்வது?

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. வாய் நிறையப் பல்பொடியோடு கன்னியப்பன்.

துப்பினார். "சார்... நீங்க நம்ம வக்கீலுதானே?"

"ஆமாம், கன்னியப்பன்."

"பாவு புடிச்சிக்கினு நிக்கிறீங்க?"

"காற்று..."

"கக்கத்துல இன்னா?"

"புடவை."

"யாரு குடுத்தது?"

"ஏகாம்பரம். ஆனா பணம் எப்பவோ குடுத்தாச்சு!"

"எப்பவோ!" கன்னியப்பன் சந்துக்கே கேட்கிற மாதிரி சொன்னார். "எப்பவோவாம்பா!"

என் நிலையைப் பார்த்து ஏகாம்பரத்துக்கு மனம் பொறுக்கவில்லை. உதவிக்கு வந்தார்.

"கன்னியப்பா, சார தப்பா நினைக்காத. தங்கமான மனுஷன். எங்க வக்கீலக் கலந்துக்கினுதான் இங்க வந்தாரு!"

கன்னியப்பன் முண்டாசை அவிழ்த்து இடுப்பில் கட்டினார். என்னை நோக்கிப் பாய்ந்தார். பாவு தடுத்தது. எதற்கு நான் தடை உத்தரவு கேட்டேனோ, அதே பாவு அன்று என் பல்லைக் காப்பாற்றியது.

கஞ்சி காயும்வரை அவர் அந்தப் பக்கம் நின்று திட்டினார். நான் இந்தப் பக்கம் தொய்யாமல் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

மறுநாள் முன்சீப் முன்னால் ரங்கசாமி எழுந்தார். "பாவால் யாருக்கும் தொந்தரவில்லை. வாதியின் வக்கீலே முன்னின்று பிடித்திருக்கிறார். அவரைச் சாட்சியாகக் கூப்பிட அனுமதி வேண்டும்."

பின்னாலிருந்து கன்னியப்பன் கத்தினார். "நானும் அவரத்தாங்க கூப்புடணும்! அந்தச் சந்துல இருந்து அவராலயே வெளிய வர முடியல, கேளுங்க!"

சாட்சி சொல்பவன் அதே வழக்கில் வக்கீலாக நிற்கக் கூடாது. வழக்குக் கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

அந்த வழக்கில் இரண்டு கட்சியும் ஒத்துக்கொண்ட விஷயம் ஒன்றே ஒன்றுதான்: சாட்சி நான்.